நிரப்பாத வட்டம்

பெரியப்பா வாழ்நாளில் கள்ளைத் தொட்டதில்லை. ஆனால் உருத்திரபுரத்தில் அவருக்குக் குடிகாரன் என்று பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். அவருடைய கைகால்கள் தம் பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். வரப்பில் நடந்தால் வயலுக்குள் சரிவார். ஊரார் கண்ணில் படட்டும் என்று அப்பா இரண்டு வெறும் கள்ளுப் போத்தல்களை வேலியோரம் போட்டு வைத்திருந்தார். குடி ஒருவரோடு போய்விடும். பரம்பரை வியாதி என்றால் அப்பாவின் தங்கையான மாமியை யாரும் கட்டமாட்டார்கள்.

“குடிச்சிருந்தால் ஒரு சுகமாவது கண்டிருப்பன்,” என்பார் பெரியப்பா, வாய் குழற.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. மாமியைப் பெண் பார்க்கப் பளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார்கள். புதன்கிழமை காலையில் எங்கள் வேலிப் படலையடியில் ஜீப் ஒன்று வந்து நின்றது. பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டொக்டர் இறங்கினார்.

நோயின் பெயர் ஹண்டிங்டன் என்றார். மருந்து இன்னும் இல்லையாம். எந்தக் குடும்பத்தில், யார் யாருக்கு, எந்த வயதில் வருகிறது என்று எழுதிச் சேர்த்தால்தான் மருந்து தேடுகிறவர்களுக்கு வழி தெரியுமாம். கொப்பியை விரித்து ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் கீறினார். பெயர் எழுதவில்லை. பெரியப்பாவின் சதுரத்தைப் பென்சிலால் கறுப்பாக்கினார்.

“உங்கடை ஐயா?”

“காய்ச்சலிலை செத்தவர்,” என்றார் அப்பா. அவர் கண் ஜீப்பிலேயே இருந்தது. அதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்ற கணக்கு அவருக்கு.

குசினி வாசலில் நின்ற மாமி வெளியே வந்தா.

“காய்ச்சல் இல்லை டொக்டர். ஐயாவுக்கும் இதுதான். அண்ணை, பளைக்காரர் கேட்டால் கள்ளெண்டே சொல்லுங்கோ. மருந்து தேடுறவருக்கு ஏன் பொய்?”

அப்பப்பாவின் சதுரமும் கறுத்தது. அடியில் இருந்த சின்ன வட்டம் நான் என்று அறிந்ததும், அது வெறுமையாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

“டொக்டர், என்ரையையும் நிரப்பிவிடுங்கோவன்.”

அம்மா என் தொடையில் கிள்ளினா.

மாமியின் கலியாணம் நடந்தது. பளைக்காரர் போத்தல்களை நம்பினார்கள். நோய்க்குக் காரணமான மரபணுவைப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். நோயின் வேகத்தைக் குறைக்கக்கூடிய மருந்துகள் பரிசோதனையில் இருப்பதாகப் பத்திரிகையில் வந்தால் வெட்டி வைக்கிறேன். பிறகு கையை மேசையில் விரித்து, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று டொக்டர் என் வட்டத்தை நிரப்பவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார். அவர் பார்த்தது என்னை அல்ல. கதிரைக் கையில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த அப்பாவின் விரல்களை. ஜீப் எப்போது போகும் என்ற பதற்றத்திலும் அந்தரத்திலும்தான் அப்பா தட்டுகிறார் என்று அப்போது நான் நினைத்தேன்.