லொக் லோமண்டில் எஞ்சின் நின்றபோது

2009 ஓகஸ்ட், ஒரு சனிக்கிழமை. காலை நான்கு மணிக்கு ஸ்ட்ரெதம் வீட்டிலிருந்து காரை எடுத்தோம், நானும் மனைவி வசந்தியும். ஸ்கொட்லாந்தின் லொக் லோமண்ட் ஏரிக்கு நானூற்றுச் சொச்சம் மைல். புட்டும் சம்பலும் பின் சீட்டில். கிளம்பும்போதே வசந்தி கறாராகச் சொல்லிவிட்டாள்: "கரையில நிண்டு பாப்பன். வள்ளத்தில ஏறச் சொல்லி ஆக்கினை பண்ணக் கூடாது."

காரணம் எனக்குத் தெரியும். ஊரில், யுத்த காலத்தில், இருபது வயதில், கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவள் அவள். கடற்படை கண்டால் சுடும் என்பதால் எல்லோரும் மூச்சுக் காட்டாமல் அடித்தட்டில் கிடந்தார்களாம். அதன்பிறகு எந்தப் படகிலும் அவள் கால் வைத்ததில்லை.

பகல் இரண்டு மணி. கிளாஸ்கோவைத் தாண்டி இருபது மைலில் பல்மஹா என்ற சின்னக் கிராமம். கார்க் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இதையா ஏரி என்கிறார்கள்! கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். நடுநடுவே காடு மண்டிய தீவுகள். வடக்கே பென் லோமண்ட் மலை முகிலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. வசந்தி கரையில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பே இல்லையப்பா. நல்ல தண்ணி."

எதிரே இருந்த தீவொன்றைப் பார்த்தாள். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, "இது கடல் இல்லைத்தானே. அந்தத் தீவு மட்டும் போட்டு வருவமே?" என்றாள்.

படகுக்கு ஆளுக்கு ஐந்து பவுண். நாங்கள் இருவரும் படகோட்டிக் கிழவரும் மட்டுந்தான். ஏறியதும் வசந்தி இருக்கையை விட்டுவிட்டு நேரே அடித்தட்டில் குந்தித் தலையைக் குனிந்துகொண்டாள். படம் எடுக்க எழும்பிய என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பதியுங்கோ, தலை தெரியப்போகுது!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

நடு ஏரியில் கிழவர் திடீரென்று எஞ்சினை நிறுத்தினார். வசந்தியின் நகம் என் கையில் பதிந்தது.

"ஏன் நிப்பாட்டினவர்? ஆரும் வாறாங்களே?"

கிழவரிடம் கேட்டேன். அவர் மலையைக் காட்டினார். இந்த இடத்தில் எப்போதும் சற்று நிறுத்துவாராம், ஆட்கள் பார்க்கட்டும் என்று.

"ஒருத்தரும் வரேல்லை வசந்தி. சும்மா பாக்கத்தான் நிப்பாட்டினவராம்."

"சும்மா பாக்கவோ?"

தலையை நிமிர்த்தினாள். முகில் விலகியிருந்தது. மலை முழுதாகத் தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்தது. ஒரு சத்தமில்லை. என் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கப் போவதில்லை. வசந்தி மெல்ல எழும்பி வந்து, இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கிழவர் எஞ்சினில் கை வைத்தார்.

"இஞ்சருங்கோ," என்றாள் வசந்தி, "இன்னும் கொஞ்ச நேரம் இப்பிடியே நிக்கச் சொல்லுங்கோ."