லாலபான்சி துரையும் காற்றின் பெயரும்

எட்கர் பாஸ்கோ துரை தென்னாப்பிரிக்காவில், துகேலா ஆற்றுக்கு வடக்கே ஜூலு நாட்டில் மாஜிஸ்திரேட்டாக வந்த முதல் நாளே ஊரோடு சண்டை. அவர் குதிரையை விட்டு இறங்கியதும் கூடியிருந்த ஆண்கள் அத்தனை பேரும் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் வந்தால் உட்காருவதுதான் ஜூலு மரியாதை; நிமிர்ந்து நிற்கிறவன் அடிக்க வந்தவன். இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்த மனிதருக்கு அது எங்கே தெரியும்? தன்னை அவமதிக்கிறார்கள் என்று நினைத்து, "எழுந்திருங்க! எழுந்திருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் கத்தக் கத்த அவர்கள் இன்னும் குனிந்தார்கள்.

"துரைக்கு வயித்துவலி போல. லாலபான்சி, துரை!" என்று கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுத்தான். கீழே உட்காருங்க என்று அர்த்தம். துரை திருதிருவென விழித்துவிட்டு, வேறு வழி தெரியாமல் புழுதியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், கத்தல் நின்றது, பேச்சு ஆரம்பித்தது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர் லாலபான்சி. பாஸ்கோ என்ற பெயர் காகிதத்தோடு சரி.

அதன்பிறகு அவர் நாற்காலியில் அமர்ந்து வழக்குக் கேட்டதே இல்லை. அத்திமரத்தடியில் பாயை விரித்து, புளித்த பாலை ஒரு மிடறு குடித்துவிட்டு, ஒரு மாட்டுக்காக நாலு தலைமுறைக் கதையைச் சொன்னாலும் கேட்பார். குடிசை வரி வாங்க வந்த வெள்ளைக்காரர்தான், அதை ஊர் மறக்கவில்லை. ஆனாலும் அவர் காது கொடுத்தது போல வேறு எந்தத் துரையும் கொடுத்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதும் அதனால்தான்.

பெண்கள் பேச்சைக்கூட அவர் கவனித்தார். கல்யாணமான ஜூலுப் பெண் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்ததுபோலத்தான். ஆனால் இவர்கள் ஒரு படி மேலே. மாமனார் பெயரின் ஓசை எந்தச் சொல்லில் வந்தாலும் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு வேறொன்று வைத்துக்கொள்வார்கள். "ஒரே ஊர்ல நெருப்புக்கு ஏழு பேரு வச்சிருக்கீங்களேம்மா, நான் எதை எழுத?" என்று அவர் தலையில் கைவைத்தால், "எழுதாதீங்க துரை, குளிர் காயுங்க" என்பார்கள்.

இருபது வருஷம் இப்படிப் போனது. வேலைக்காலம் முடிகிற வயது வந்தபோது, இன்னும் சில வருஷம் இங்கேயே இருக்கவிடும்படி மேலிடத்துக்கு எழுதினார். கார்ன்வாலில் அவருக்கென்று யாருமில்லை. அதை முடிவு செய்யும் நீதிபதியின் கையில்தான் ஒரு திருட்டு வழக்கும் வந்து விழுந்தது. சுற்றுப்பயணமாக வந்த டென்ஹாம் நீதிபதி, பாஸ்கோ உட்காராத அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு, அவரைப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்காரச் சொன்னார்.

குற்றம்: ஒரு வெள்ளைப் பண்ணையாரின் இரண்டு எருதுகள் திருட்டு. குற்றம் சாட்டப்பட்டவன்: கிஜிமானி என்ற இளைஞன். அவனைப் பிடித்தது பாஸ்கோவின் சொந்தப் போலீஸ்காரன் மோயா. கிஜிமானியின் மனைவி மாங்குபானே விடிகாலையில் தண்ணீர் எடுக்கப் போனபோது எருதுகளை யார் ஓட்டிப்போனது என்று பார்த்திருந்தாள். அவள் குடத்தோடு திரும்புவதற்குள் புருஷனைக் கட்டி இழுத்துப் போய்விட்டார்கள். அவள் வாய் திறக்காவிட்டால் அவன் கல்லுடைக்கப் போவான்.

நீதிபதி கையோடு அழைத்துவந்த மொழிபெயர்ப்பாளர் டட்லி, பண்ணையில் வளர்ந்தவர். அவருக்கு ஆட்களை வேலை வாங்கும் ஜூலு மட்டும்தான் தெரியும்.

"யார் ஓட்டிட்டுப் போனது? சொல்லு!"

மாங்குபானே தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "கூரையாட்டி."

டட்லி தலையைச் சொறிந்தார். "கூரையை ஆட்டுவதாம், ஐயா. காற்று என்று நினைக்கிறேன். காற்று எருதுகளை ஓட்டிப்போனதாம்."

டென்ஹாம் முகம் சிவந்தது. "கேலியா? திரும்பக் கேள்."

"கூரையாட்டிதான்" என்றாள் அவள். அவளுக்குப் பின்னால் கைத்தடியோடு காவலுக்கு நின்ற மோயா, "கிறுக்கச்சி, துரை" என்று சிரித்தான். கூடியிருந்த ஊர் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் புரிந்திருந்தது, அந்தத் தடிக்குப் பயந்து எல்லாரும் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்கள்.

"கோர்ட்டை அவமதித்ததற்கு இவளையும் உள்ளே போடு" என்றார் நீதிபதி.

பாஸ்கோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கிஜிமானியின் அப்பா பெயர் மோயேனி. ஜூலுவில் மோயா என்றால் காற்று. மாமனார் பெயர் கலந்த சொல்லை இந்தப் பெண் சாகும்வரை சொல்ல மாட்டாள். தன் போலீஸ்காரன் திருடன் என்று மேலதிகாரி முன்னால் அம்பலமானால் இன்னும் சில வருஷம் என்ற ஆசையில் மண்தான். வாயை மூடிக்கொண்டால் அத்திமரமும் பாயும் மிஞ்சும்.

மனிதருக்கு ஆசை இல்லாமலில்லை. ஒரு நிமிஷம் முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு எழுந்து நடந்து, அத்தனை பேர் முன்னால் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பாஸ்கோ, என்ன இது? எழுந்திருங்கள்!" என்று நீதிபதி கத்தினார். முதல் நாள் பாஸ்கோ கத்திய அதே கத்தல்.

பாஸ்கோ அவளிடம் மெதுவாகக் கேட்டார்: "தாயி, அந்தக் கூரையாட்டி இப்ப எந்தப் பக்கம் வீசுது?"

அவள் முதல் முறையாக நிமிர்ந்தாள். "என் முதுகுக்குப் பின்னால, துரை."

கூட்டம் முழுக்க மோயாவைப் பார்த்தது. அவன் சிரிப்பு நின்றது. சாயங்காலத்துக்குள் எருதுகள் அவன் மைத்துனன் தொழுவத்தில் கிடைத்தன. அவசரத்தில் சூட்டுக்குறியைக்கூட மாற்றவில்லை. கிஜிமானி வீட்டுக்குப் போனான்.

மேலிடத்துப் பதிலும் வந்தது. சாட்சியோடு தரையில் புரளும் அதிகாரியால் அரசாங்கத்தின் மதிப்புக் குறைகிறதாம். அடுத்த கப்பலில் ஊர் திரும்பலாம். படிக்கையில் அவருக்கு அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் விடைபெற மாங்குபானேயின் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் பாயை உதறிப் போட்டாள்.

"வாங்க அப்பா. தரைக்குப் பாரம் குடுங்க."

வந்தவர்களை எல்லாரும் லாலபான்சி என்றுதானே உட்காரச் சொல்வார்கள்? துரை புரியாமல் நின்றார். "என்னம்மா, புதுசா இருக்கே?"

அவள் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். கிஜிமானி சோளக்கள் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அன்னிக்கிலேர்ந்து இப்படித்தான். அது உங்க பேராச்சே, அந்த வார்த்தை அவ வாயில வர்றதே இல்ல. நாயைக்கூட 'தரைக்குப் பாரம் குடு'ங்கிறா. அதுவும் பாவம், என்ன சொல்றான்னு தெரியாம நின்னுக்கிட்டே இருக்கு, துரை."

பாஸ்கோ துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு தரைக்குப் பாரம் கொடுத்தார்.