ஒரு வெடி பாக்கி

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷம் கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன் நான். கரண்ட் இல்லாமல் எதுவும் அசையாது, அசைந்தால் எங்கிருந்தோ ஒயர் வருகிறது என்று அர்த்தம், அதுதான் என் மதம். இப்போது சொல்லப் போவதும் ஒரு சப்வூஃபர் வாங்கிய கதைதான், சிரிக்காமல் கேளுங்கள். நடந்தது மத்தியான நேரம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, எனக்குக் குடிப்பழக்கமும் இல்லை.

எங்கள் ஊர் விராலிமலைக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் பழைய கல்குவாரி ஒன்று இருக்கிறது, மூடி வெகுகாலம் ஆகித் தண்ணீர் நின்றுகிடக்கிறது. ஊர் திரும்பியதும் வீட்டுப் பின்னறையை ஹோம் தியேட்டர் ஆக்கப் போகிறேன் என்றேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, முன்பு நெல் மூட்டை அடுக்கியது. ஊரில் எல்லோரும் வெளிநாட்டுக் காசு ஆடுகிறது என்று பேசினார்கள். உண்மையில் அது என் அப்பாவுக்காக. அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. டிவி முன்னால் கொஞ்ச நேரம் வாயசைவைப் பார்த்துக்கொண்டு இருப்பார், பிறகு துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். கத்தாரில் என் ரூம்காரன் ஒருவன் சப்வூஃபர் என்கிற இடிச்சத்த ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தான். அதில் படம் பார்க்கும்போது சத்தம் உள்ளங்கால் வழியாக ஏறும். காது இல்லாவிட்டால் என்ன, அப்பாவுக்குக் கால் இருக்கிறதே என்று அன்றைக்கே தோன்றியது.

அவரையும் என் மனைவி செல்வியையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், அலுக்காமல் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினார். எனக்குப் பன்னிரண்டு இஞ்ச் பெட்டி மேல்தான் கண். முன்பக்கம் காற்று வரும் ஓட்டை வைத்தது, போட்டால் கடைக் கண்ணாடியே அதிர்ந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். போர்க்காட்சி ஒன்று ஓடியது. பாதியிலேயே தலையை ஆட்டினார்.

"இது வேணாம் தம்பி. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது வந்து மேல விழுது. எண்ண முடியல."

அடுத்துப் பத்து இஞ்ச், ஓட்டையில்லாத மூடின பெட்டி. சத்தம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு இடியும் வந்து, நின்று, போனது. அப்பா விரலை மடக்கிக்கொண்டே வந்தார். முடிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கடைக்காரரும், சின்ன ரூமுக்கு இதுதாங்க சரி, பெரிசு போட்டா வெறும் முழக்கமாத்தான் இருக்கும் என்றார். வாங்கிவிட்டோம். இன்றைக்கும் சொல்கிறேன், அது அருமையான பெட்டி.

அப்பா ஏன் எண்ணினார் என்று சொல்ல வேண்டும், அதுதான் கதையே. அவர் அந்தக் குவாரியில் வெடிக்கணக்கு பார்த்தவர். பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரியைப் பற்ற வைத்துவிட்டு எல்லோரும் ஓடிப் பதுங்குவார்கள். எத்தனை குழியோ அத்தனை வெடி கேட்க வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் அப்பா எழுந்து நின்று, "எல்லாம் வெடிச்சிருச்சு, எறங்கலாம்" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் வராமல் ஒருத்தரும் பள்ளத்தில் கால் வைக்கக் கூடாது. ஒரு வெடி குறைந்தாலும் அது உள்ளே உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் ஒன்று குறைந்தது. அப்பா குரல் கொடுக்கவில்லை, யாரையும் இறங்க விடவும் இல்லை. அன்று போக வேண்டிய லோடு நின்றுபோனது, கூலியும் போனது. மறுநாள் மேஸ்திரி ஆள் விட்டுத் தேடினால் வெடிக்காத குழி என்று ஒன்றுமே இல்லை. அப்போதே அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். செவிட்டுக் காதில் ஒன்றைத் தவறவிட்டுவிட்டு ஊரைக் கெடுத்தான் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். யார் கணக்கில் பிசகினாலும் எங்கள் ஊரில் 'செவிட்டுக் கணக்கு' என்று சொல்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தேன்.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை திரும்பக் கிடைத்திருக்கும். அப்பா சொல்லவில்லை. "ஒண்ணு பாக்கி" என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிரும். அன்றைக்கு அவரோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி ஆள் ஆவூர் சவரிமுத்து. நாங்கள் பெட்டி வாங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவரும் தவறினார். மாதா கோயிலில் பூசை முடிந்து, கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்: "நான் எண்ணுனது சரின்னு சொல்றதுக்கு இனிமே ஆள் இல்ல தம்பி." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன். சப்வூஃபருக்கு இடம் பார்க்க ஒரு வழி உண்டு. படம் பார்க்கிறவர் உட்காரும் நாற்காலியில் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, நாம் சுவரோரமாகத் தரையில் தவழ வேண்டும். எந்த இடத்தில் சத்தம் சுத்தமாக வருகிறதோ அங்கேதான் பெட்டியை வைக்க வேண்டும். அப்பாவின் நாற்காலியில் பெட்டியை வைத்து, உள்ளே அதிரும் கூம்பு தெரிய முன்வலையைக் கழற்றிவிட்டு, வெடிக்காட்சி ஒன்றை ஓடவிட்டு, நானும் அவரும் தவழ்ந்தோம். வாசற்படியில் நின்று செல்வி சிரித்தாள்.

"என்னங்க, எதுவும் வேண்டுதலா? அதுக்கு மலைக் கோயிலுக்குல்ல போகணும், மாமாவையும் சேத்து இழுக்கிறீங்க."

மூலையில் ஒரேயடியாக முழங்கியது, நடுச்சுவரில் செத்துக் கிடந்தது. ஒவ்வொரு இடிக்கும் வெளியே மயில்கள் அகவின. எங்கள் பக்கம் அப்படித்தான், வேட்டு போட்டாலும் இடி இடித்தாலும் மயில் சும்மா இருக்காது. ஜன்னலுக்கு அடியில் வந்ததும் அப்பா இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்து, "இங்க வையி, ஒண்ணொண்ணும் தனியா வருது" என்றார். அப்போது கரண்ட் போனது.

திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறும் என்று எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. ஃபேனும் நின்று அறை கப்சிப் என்று ஆனது. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன், கரண்ட் வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தோம்.

அப்போதுதான் வெடித்தது. நம்பினால் நம்புங்கள், காதில் ஒன்றும் விழவில்லை. நெஞ்சுக்கூட்டில் இடித்தது, தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. நாற்காலியில் இருந்த பெட்டியின் கூம்பு முழுசாக வெளியே வந்து உள்ளே போனதை என் கண்ணால் பார்த்தேன். ஜன்னல் கட்டையில் இருந்த தண்ணீர் டம்ளர் கலகலத்தது. பிளக் என் கையில்தான் இருந்தது.

அப்பா மெதுவாக ஒரு விரலை மடக்கினார். சுவரைப் பிடித்து எழுந்து, குவாரி இருக்கும் திசையைப் பார்த்து நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. அப்படியொரு குரல் அவரிடம் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"எல்லாம் வெடிச்சிருச்சு. எறங்கலாம்."

அந்தக் குரல் முடிந்ததும், தரையில் ஊன்றியிருந்த என் கையில் ஏதோ தட்டுப்பட்டது. காலடிகள். செருப்பில்லாத கால்கள், ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டம். அறையின் உள்பக்கமிருந்து வந்து என்னைத் தாண்டி, வாசற்படி வழியாகக் குவாரிப் பக்கம் போயின. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. செல்வி மட்டும் ஒதுங்கிச் சுவரோடு நின்றுகொண்டாள், வழி விடுகிற மாதிரி. ஏன் ஒதுங்கினாய் என்று பிறகு கேட்டேன். "தெரியலங்க, போறதுக்கு எடம் விடணும்னு தோணுச்சு" என்றாள்.

அப்பா பாதத்தைத் தரையில் அழுத்தி, கடைசி அடி ஓயும்வரை நின்றார்.

"சவரிமுத்துவும் போறான். ஒரு காலை இழுத்து வச்சுத்தான் நடப்பான், எனக்குத் தெரியும்," என்றவர், செல்வியைப் பார்த்துச் சிரித்தார். "ஒத்துக்கிட்டாங்க ஆத்தா. நான் சொன்னதுக்கப்புறந்தான் எறங்குனாங்க, பாத்தியா."

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். குவாரித் தண்ணீரில் ஒரு அலை இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் ஏதாவது சத்தம் கேட்டதா என்றேன், வெயிலில் வந்தவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்த்தார். அத்தனை நேரம் கத்திய மயில்களில் ஒன்றுகூட அந்த வெடிக்கு வாய் திறக்கவில்லை. கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த கரண்ட் ஒரு தட்டு தட்டியிருக்கும் என்பீர்கள், நானும் அதைத்தான் முதலில் நினைத்துப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். அந்தத் தட்டு பிளக்கைப் பிடுங்கிய கையோடு வர வேண்டும், ஆற அமர உட்கார்ந்த பிறகு வராது. அப்படியே வந்தாலும் அந்தக் கால்களுக்கு என்ன பதில்?

இப்போது பெட்டி ஜன்னலுக்கு அடியில் இருக்கிறது. அப்பா தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எங்களோடு படம் பார்க்கிறார், வெடி வந்தால் விரல் மடக்குகிறார், இத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிடும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார், ரசம் ஊற்றச் சொல்கிற குரலில்.

"எல்லாரும் எறங்கியாச்சு. நான்தான் பாக்கி. கணக்கு பாக்கிறவன், மேல ஒருத்தரும் இல்லன்னு பாத்துட்டுக் கடைசியாத்தான் எறங்கணும்."

அதனால் படம் முடிந்து செல்வி எழுந்து போன பிறகும் நான் எழுந்திருப்பதில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஏப்பா, முடிஞ்சிருச்சுல்ல, நீ எறங்கு" என்பார். நான் காது கேட்காதவன்போல உட்கார்ந்தே இருக்கிறேன்.