இடது மட்கார்டுக் கண்ணாடி

அப்பாவின் காருக்குக் கண்ணாடி தேடிக் கிளம்பும் முன் நான்கு விஷயங்களை மனதில் உறுதி செய்துகொண்டேன். முகம் வட்டமாக இருக்க வேண்டும். ஒற்றைத் தண்டு. பித்தளைமேல் குரோமியப் பூச்சு. உள்ளே தட்டைக் கண்ணாடி; இன்றைய வண்டிகளில் வரும் வளைந்த கண்ணாடி கூடாது.

அப்பாவின் அம்பாசிடர் நான் பிறப்பதற்கு முன்பே பழையது. அது புதிதாக இருந்தபோது கண்ணாடிகள் கதவில் இல்லை. முன்சக்கரங்களுக்கு மேலே, மட்கார்டில் நின்றன. ஒரு கொண்டை ஊசி வளைவில் மரவள்ளி ஏற்றிய லாரி இடதுபக்கத்தை உரசிவிட்டுப் போன பிறகு, அப்பா இரண்டையும் கழற்றித் துளைகளைப் பட்டி வைத்து அடைத்துவிட்டார். கதவில் பிளாஸ்டிக் கண்ணாடிகள் வந்தன. அவற்றோடுதான் வாடகைக்கு ஓட்டினார். மலைமேல் எங்கள் வாசலூர்பட்டிப் பக்கத்திலிருந்து பிரசவத்துக்குக் கீழே போன பெண்கள் பலர் அந்தப் பின்சீட்டில்தான் போனார்கள்.

சேலத்தில் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்று நடக்கவிருந்தது. அந்தந்தக் காலத்து உறுப்புகள் இருக்கின்றனவா என்று அங்கே பார்ப்பார்கள். நான் ஓசூரில் வாகன உதிரிபாகங்களைச் சோதித்துத் தேர்வு செய்யும் வேலையில் இருக்கிறேன். பிறர் கவனிக்காமல் விட்ட குறையெல்லாம் என் கண்ணில் படும். கண்ணாடிகளோடு விடுமுறையில் வருகிறேன் என்றேன். கொஞ்ச காலமாகவே பேட்டரி சரியில்லை, மழை, டயர் என்று சொல்லி வண்டியை எடுக்காமலே இருந்த அப்பா, மலையிலிருந்து நானே இறக்கிக்கொண்டு போவேன் என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை மீண்டும் ஸ்டியரிங்கின் முன்னால் பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் காரியம். அணிவகுப்பு ஒரு சாக்கு.

பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்த இரண்டு கண்ணாடிகளோடு ஊருக்கு வந்த மறுநாள் காலையில் பட்டியைச் சுரண்டினேன். பழைய துளைகள் அப்படியே இருந்தன. விளிம்பில் மட்டும் துரு. தேய்த்து, பிரைமர் தடவி, பழைய டியூபில் ரப்பர் வளையம் வெட்டி வைத்தேன். அம்மா மிளகு காயப்போட வந்தவள் நின்று பார்த்தாள்.

"பொண்ணுக்கு ஒரு தோடு எடுக்கறதுக்கு மின்ன காருக்குக் கம்மல் போட்டாச்சு" என்றாள்.

"அது மறு வார்த்த பேசாம மாட்டிக்குதில்ல" என்றார் அப்பா.

சக்கரத்துக்கு மேலே கைவிட்டு அடியிலிருந்து நட்டை முடுக்கினேன். அப்பா ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றின் எண்ணையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்த பிறகே நீட்டினார். கைப்பழக்கம் என்று நினைத்தேன்.

இந்தவகைக் கண்ணாடியை ஓட்டுபவர் தானே திருப்பிக்கொள்ள முடியாது. கைக்கு எட்டாத தூரம். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று திருப்ப வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். இருக்கையை ஒரு பல் முன்னால் இழுத்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தார். நான் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான்.

வலதுபக்கம் முதலில். உள்ளே, வெளியே, கொஞ்சம் கீழே என்று சொன்னார். சரியாக அமைந்தது என்றார். பிறகு இடதுபக்கம் போனேன்.

"உள்ள திருப்பு கண்ணு. இன்னுங் கொஞ்சம். போதும், போதும். ரோட்டோரம் நல்லாத் தெரியுது."

கீறல் விழாமல் இருக்கக் கடைக்காரர் கண்ணாடியின் முகத்தில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தை நான் இன்னும் உரிக்கவில்லை.

விளையாடுகிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காகிதத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வலதுபக்கம் திரும்பிப் போய் என் கண்ணை அவர் தலையின் உயரத்துக்கு வைத்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் சில்வர் ஓக் மரத்தின் உச்சியும் வானமும் இருந்தன.

என்ன செய்வதென்று தெரியாமல் காகிதத்தை உரித்தேன். சத்தம் வராமல் இழுக்கத்தான் பார்த்தேன். வந்தது.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பேப்பர் இருந்துச்சா?"

"ஆமாங்கப்பா."

முற்றத்தில் அம்மா மிளகைக் காலால் பரப்பும் ஓசை மட்டும் கேட்டது.

"நடுவுல ஒரே கருப்பா இருக்குது சாமி. ஓரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாத் தெரியுது. உங்கம்மாகிட்டச் சொல்லீராத."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். சர்க்கரை மாத்திரை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்றார், நான் அதைக் கேட்டதுபோல. பிறகு கதவைத் திறந்து இறங்கி, பானெட்டைக் கையால் தடவிக்கொண்டே இடதுபக்கம் வந்து நின்றார்.

"நீ போய் உக்காரு. உனக்குத்தான் வெக்கோணும்."

உட்கார்ந்தேன். அவர் இழுத்துவைத்த இருக்கையை அப்படியே விட்டேன். நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பினார். மேலே என்றால் மேலே, நிறுத்துங்கப்பா என்றால் நிறுத்தினார். இரண்டு கண்ணாடிகளும் சரியாக அமைந்தன. அவ்வளவு அடக்கமாக அவர் யார் பேச்சையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அணிவகுப்பு நாளுக்கு முன்பே சேலத்துக்குப் போனோம், கண் மருத்துவமனைக்கு. காரை நான்தான் ஓட்டினேன். கார் சும்மா நின்றால் கெட்டுவிடும், பேட்டரி ஏறட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

இறக்கம் தொடங்கியதும் பக்கத்து இருக்கையில் அப்பாவின் வலதுகால் வேலை செய்ய ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், சரியான இடத்தில், இல்லாத பிரேக்கை அழுத்தினார். "ஆரன் அடி" என்றார். அடித்தேன். "மேல வர்றவனுக்கு எடம் உடு" என்றார். அவர் சொன்ன இடத்தில் உண்மையிலேயே ஒரு பஸ் ஏறி வந்தது. கண் இல்லாமலே இந்த மலையை இறக்கிவிடுவார் என்று ஒரு கணம் நான்கூட நம்பினேன்.

பாதி மலை இறங்கியிருப்போம். அவர் கால் அழுத்தியது, ஆரன் என்றார். எதிரே சாலை நேராக இருந்தது.

நான் ஆரன் அடித்தேன்.

வண்டி திரும்பாமல் போய்க்கொண்டே இருந்ததை அவர் உணர்ந்திருக்க வேண்டும். தலையை என் பக்கம் திருப்பினார்.

"இது எத்தனாவது வளைவு கண்ணு?"

அடுத்த வளைவின் பலகை வரும்வரை காத்திருந்து, எண்ணைப் படித்துச் சொன்னேன். சரி என்றார். கால்கள் இரண்டையும் இருக்கையை ஒட்டி உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார். அடிவாரம் வரை அவற்றை நீட்டவில்லை.