எயார் மணியத்தின் நெல்லுச் சாக்கு

எயார் மணியம் செத்துப் போனாராம். காலையில் இருந்து ஃபேஸ்புக் முழுக்க அவர் படம்தான்... மாலை, விளக்கு, "வன்னி மண்ணின் உதவும் கரம்" என்று தலைப்பு வேறு.

மூன்று பேர் என்னையும் டேக் பண்ணியிருக்கிறீர்கள். ஆர்.ஐ.பி. போட எனக்குக் கை வரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒட்டுசுட்டான் பக்கம் ட்ராக்டர் வைத்திருந்த எல்லோருக்கும் அவர்தான் மெக்கானிக். பொருளாதாரத் தடைக்காலம். டீசல் கிடையாது. மண்ணெண்ணெயில் கிடைத்த ஒயிலைக் கலந்து ஓட்டுவோம். அந்த அழுக்கில் பில்டர் கிழமைக்கு ஒரு தரம் அடைக்கும்.

பில்டரை யாரும் மாற்றலாம். ஆனால் கழற்றினால் எண்ணெய்க் குழாய்க்குள் காற்றுப் போய்விடும்... எஞ்சின் கொஞ்சம் ஓடி, இருமி, நின்றுவிடும். அந்தக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். எயார் எடுப்பது என்று சொல்லுவோம். அது தெரிந்தவர் மணியம் ஒருவர்தான், அப்படித்தான் நம்பினோம்.

வந்தவுடன் எஞ்சினை மறைத்து ஒரு நெல்லுச் சாக்கைக் கட்டுவார். ஆட்கள் பின்னால் போக வேண்டும். கண் பட்டால் பம்ப் இறுகிவிடுமாம். எங்களைப் போலப் பெண்கள் என்றால் வேலிக்கு அங்கால். தேங்காய் உடைக்கச் சொல்லாததுதான் குறை.

உள்ளே டொக் டொக் என்று சத்தம் கேட்கும். அரை மணித்தியாலம். பிறகு ஒரு சோடாப் போத்தல் நிறைய எண்ணெயோடு வெளியே வருவார். வெளியே கொட்டுகிற அழுக்கெண்ணெய்தானே என்று அதைத் தன் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போவார். நாங்களும் தலையாட்டினோம்... மடைச் சனம்.

தொண்ணூற்றேழு. அறுவடை முடிந்து சூடு அடிக்கிற காலம். என் அக்காவுக்கு முதல் பிள்ளை. விடிய வயிற்றுக்குத்து தொடங்கியது. பிள்ளையின் தலை திரும்பவில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டார்.

அத்தான் ட்ராக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டுப் பாய் விரித்தார். அக்காவை ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்கு வெளிக்கிட்டோம். பாதி வழியில் பில்டர் அடைத்தது.

கழுவி வைத்திருந்த மற்றப் பில்டரை அத்தான் பத்து நிமிடத்தில் போட்டார். ஸ்டார்ட் வந்தது. இருபது யார் தூரம் ஓடி நின்றது... எயார்.

அவர் கையில் ஸ்பனர் இருந்தது. நீங்களே திறந்து பாருங்கோ என்று நான் கெஞ்சினேன். தான் கை வைத்தால் பம்ப் போய்விடும் என்று பயந்தார். வழியில் வந்த ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு மணியத்திடம் ஓடினார். அத்தானில் எனக்குக் கோபம் இல்லை. ஊரே அப்படித்தான் பயந்து கிடந்தது.

மணியம் வந்தார். சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாக வந்தார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை... "உவாவை இறக்குங்கோ. துடக்கோடை இருந்தால் எயார் இறங்காது."

பிள்ளைப்பேறு தீட்டாம். அக்காவை இறக்கினோம். பாலை மரத்துக்குக் கீழே பாயை விரித்துக் கிடத்தினோம். அவர் சாக்கைக் கட்டினார். டொக் டொக்... அக்கா என் கையை நெரித்தபடி கிடந்தாள்.

கால்தான் முதலில் வந்தது. எனக்கு என்ன தெரியும்... இழுக்கவும் பயம், விடவும் பயம். பிள்ளை பிறந்தது. அழவில்லை. முதுகில் தட்டினேன், வாயில் ஊதினேன். அழவேயில்லை.

மணியம் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். போத்தல் நிறைந்திருந்தது. இனி ஓடும் என்று அத்தானிடம் சொன்னார்.

ஆம்பிளைப் பிள்ளை. பெயர் வைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, நாங்கள் இடம்பெயர்ந்திருந்த முகாமில் தண்ணீர் இறைக்க ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. ஸ்கந்தபுரத்தில் இருந்து வந்த ஒரு மலையகத்து மனிசிதான் அதைப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் இடுப்பில் பிள்ளையோடு வந்து பில்டரை மாற்றினாள். அதன் தலையில் இருந்த ஸ்க்ரூவைத் தளர்த்தினாள். கீழே இருந்த சின்ன லீவரைக் கையால் அடித்தாள். டொக் டொக். நுரை வந்தது. பிறகு வெறும் எண்ணெய் வந்தது. ஸ்க்ரூவை இறுக்கினாள். பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் அதே வேலை. எஞ்சின் ஓடியது.

நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்துச் சிரித்தாள்.

"குமிழி நின்னதும் இறுக்கிறணுங்க. அதுக்கு மேல வர்றது நல்ல எண்ணெய். வீணாக்கக் கூடாதுங்க."

இரண்டு நிமிடம். எண்ணி இரண்டு நிமிடம். அந்தாள் சாக்குக்குப் பின்னால் அரை மணித்தியாலம் நின்றது போத்தல் நிறையத்தான்.

அதே வருடம் புதுக்குடியிருப்புச் சந்தையில் அவரைக் கண்டேன். ஏன் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை என்று நேரே கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சால் பிறகு என்னை ஆர் கூப்பிடுவினம், பிள்ளை?"



கமென்ட்டில் ஒரு தம்பி எழுதியிருக்கிறார், மணியண்ணை இல்லாவிட்டால் எங்கள் வயல் உழுபட்டிருக்காது என்று. உழுபட்டிருக்கும் தம்பி. ஒரு ஸ்பனர் போதும்.

அக்காவுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு அத்தானின் ட்ராக்டருக்கு எயார் எடுத்தது அக்கா. ரோட்டோரத்தில், சனம் பார்க்கப் பார்க்க. ஒரு பம்பும் இறுகவில்லை.

இன்று அவளுக்குப் போன் எடுத்து, மணியம் போய்விட்டார் என்று சொன்னேன்.  அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அவரையும் சாக்காலை மூடினவையோ?"

செத்த வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் வரமாட்டோம். போங்கோ மணியண்ணை.