பதினேழு மில்லிமீட்டர்

அண்ணனின் முகம் அகலமாகிவிட்டது என்று தெரிந்தபோது விழாவுக்கு நான்கு நாட்கள் இருந்தன.

அண்ணன் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிறார். குற்றாலத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். நான் ஃபோனில் வீடியோ பார்த்து மூன்று வருடங்களாக வரைகிறேன் என்பது வீட்டுக்கு வெளியே அண்ணன் மனைவி மைனிக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனுக்குத் தெரியக் கூடாது. ஒரு தடவை கேஸ் பில்லின் பின்பக்கம் நான் வரைந்திருந்த கண்களைப் பார்த்துவிட்டு, "இது என்னட்டி, ஆந்தையா?" என்று கேட்டார். அதிலிருந்து அவர் வந்தால் தாள்களை எல்லாம் அரிசி டிரம்முக்குப் பின்னால் சொருகிவிடுவேன்.

மைனிதான் அந்தப் பழைய படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டுடியோவில் எடுத்தது, நாலுக்கு ஆறு அளவு. பின்னால் மடிப்பு மடிப்பாகத் திரை. ஒட்டிய கன்னம், தலைக்குக் கொஞ்சம் பெரிய தொப்பி.

"எல்லாரும் சால்வை போடுவாவ. நீ இத வரைஞ்சு மேடையில குடு."

"எனக்கு மேடையில பேச வராது மைனி."

"ஒன்ன யாரு பேசச் சொன்னா? குடுத்துட்டு எறங்கிரு."

தென்காசியில் தாள் வாங்கப் போனேன். அதுவரை ஜெராக்ஸ் போடும் ஏ4 தாளில்தான் வரைந்து பழக்கம். அதைவிடப் பெரியது வேண்டும் என்பதால், "ஏ5 ரெண்டு குடுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தாளை எடுத்து வைத்தார்.

"இதுலயா வரையப் போறிய?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

"நம்பர் கூடக் கூடத் தாளு சின்னதாப் போவும்மா. ஏ3-ய ரெண்டா மடிச்சா ஏ4. அத மடிச்சா ஏ5. ஒங்களுக்கு ஏ3-தான்." ஒரு தாளை என் கண் முன்னாலேயே மடித்துக் காட்டினார். கெட்டியான ஏ3 தாள் இரண்டை வாங்கிக்கொண்டு, வேறு எதுவும் கேட்காமல் இறங்கினேன். மைனி அன்றைக்கே கண்ணாடிக் கடையில் ஏ3 அளவுக்குச் சட்டம் சொல்லிவிட்டாள்.

மூலப் படத்தின் மேல் கோடு போட மனம் வரவில்லை. அதே அளவில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதில் நெடுக்கில் பன்னிரண்டு, குறுக்கில் எட்டு என்று கட்டம் போட்டேன். அரை அங்குலக் கட்டங்கள் சுத்தமாக விழுந்தன. பெரிய தாளில் அளக்கவில்லை. நியூஸ் பேப்பரைத் தாளின் அகலத்துக்கு நறுக்கி எட்டாக மடித்தேன். உயரத்துக்கு இன்னொன்றை நறுக்கிப் பன்னிரண்டாக மடித்தேன். மடிப்பு விழுந்த இடங்களில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன்.

தினமும் வாசலில் கோலம் போடுகிறவள் அப்படித்தான் செய்வாள். கோலத்தில் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். வாசல் குறுகலென்றால் புள்ளிகளை நெருக்கி வைப்போம், அகலமென்றால் தள்ளி வைப்போம். கோலம் அதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

பத்து நாள் வரைந்தேன். சாரல் காலம். மேலகரத்தில் எங்கள் வீட்டுச் சுவர்கூட ஈரமாக இருக்கும். தாள் நெளிந்துவிடுமோ என்று இரவில் அதை மெத்தைக்கு அடியில் வைத்து, புரளாமல் படுத்தேன். முடித்ததும் மைனியை வரச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இப்ப உள்ள ஆளுல்லா? நல்லா பிரியாணி தின்ன மூஞ்சி. சேந்த புதுசுல அவுகளுக்கு இந்தக் கன்னம் ஏது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் போனதும் கன்னத்தை அழித்து அழித்து ஒட்ட வைத்தேன். தாள் அழுக்கானதுதான் மிச்சம். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே இருந்த தூரமும் கூடுதலாகத் தெரிந்தது. கை தவறியிருந்தால் ஒரு இடத்தில்தானே தவறியிருக்கும், எப்படி முகம் முழுக்கத் தவறும்? கடைசியில் ஸ்கேலை எடுத்து ஒரு கட்டத்தின் மேல் வைத்தேன். உயரம் முப்பத்தைந்து மில்லிமீட்டர். அகலம் முப்பத்தேழு.

என் கட்டங்கள் சதுரமே இல்லை. நாலுக்கு ஆறு படமும் ஏ3 தாளும் ஒரே வடிவம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மில்லிமீட்டர் அண்ணனைப் பக்கவாட்டில் இழுத்திருந்தது.

மீதி ஒரே ஒரு தாள்தான் இருந்தது. அதில் எல்லாக் கட்டத்தையும் முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்தாக அளந்து போட்டேன். இடது ஓரத்திலிருந்து எட்டுக் கட்டம் முடிந்தபோது வலது பக்கம் பதினேழு மில்லிமீட்டர் மிஞ்சியது. இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக விட்டிருக்கலாம். பயத்தில் அது தோன்றவில்லை. பின்னாலிருந்த திரையை இழுத்து அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். படத்தில் இல்லாததை வரைய எனக்குத் துணிச்சல் இல்லை. தொப்பி பெரிதாக இருப்பதும் உறுத்தியது. பார்க்கிறவர்கள் என் தப்பு என்பார்கள், கொஞ்சம் குறைத்துவிடலாமா என்று இரண்டு தடவை ரப்பரை எடுத்தேன். பிறகு, கட்டத்தை மீறினால் மறுபடி மாட்டிக்கொள்வேன் என்று அப்படியே விட்டேன். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் படம் சட்டத்துக்குள் போனது.

மண்டபம் முழுக்க போலீஸ்காரர்கள். பாதிப் பேர் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்திருந்தார்கள். மைனி மேடையிலிருந்து கூப்பிட்டாள். எப்படியோ ஏறினேன். படத்தை நீட்டினேன்.

அண்ணன் வாங்கிப் பார்த்தார். இறங்கிவிடலாம் என்று திரும்பினேன்.

"ஏட்டி, இந்த ஓரத்துல ஏன் வெள்ளையாக் கெடக்கு?"

மைக் பக்கத்திலேயே இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பதினேழு மில்லிமீட்டர் ஒன்றுதான் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம்.

"பழைய படம் நாலுக்கு ஆறு அண்ணே. இந்தத் தாளு ஏ3. ரெண்டும் ஒரே வடிவம் இல்ல. தாள நெறச்சா ஒங்க மூஞ்சி அகலமாயிரும்."

கீழேயிருந்து ஒருவர் சத்தம் போட்டார்: "நெறச்சதுதான் இப்ப மேடையில நிக்குதே, ஐயா!"

மண்டபம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். ஆனால் கண்ணைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. பிறகு மைக்கை விட்டுத் தள்ளி வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, விரலால் தொப்பியைத் தொட்டுச் சொன்னார்:

"இது என் தொப்பி இல்லட்டி. படம் எடுக்க இன்னொருத்தன்ட்ட வாங்கிப் போட்டேன். அவனுக்குப் பெரிய தலை. ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. நீ எப்படிக் கண்டே?"

கட்டம் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த சால்வை வந்துவிட்டது.