செருப்பு போடாத நேர்த்திக்கடன்

எங்க வீட்டுக்காரவிய பேரு மகாராஜா. ஏரல் பக்கத்துல ஒரு வாழைத்தோட்டம், அதுக்குத்தான் ராஜா. தண்ணி பாய்ச்சப் போனா முழங்கால் வரைக்கும் சேத்தோட வருவாவ. பிடிவாதம்னா அப்படியொரு பிடிவாதம். பிடிச்ச முயலுக்கு மூணே காலுதான்.

போன கார்த்திகையில இருமல் பிடிச்சுது. சாதாச் சளின்னு நெனச்சோம். தை போயி மாசி வந்தும் விடல. கூடவே வயிறும் கெட்டுப்போச்சு. ரெண்டு வாய் சோறு தின்னா எரிச்சல், பொறவு பேதி. இடுப்புல வேட்டி நிக்கல. அவிய சித்தப்பா இப்படி இருமி இருமித்தான் டிபியில போனாவ. அந்தப் பேரை வாயால சொல்லவே எனக்குப் பயம். அவியளுக்கும் பயம்தான், சொல்லமாட்டாவ. எங்க மவன் பிள்ளை, நாலு வயசுப் பேத்தி, பக்கத்துல ஓடி வந்தா துண்டால வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போயிருவாவ. கட்டிலையும் தூக்கித் தோட்டத்து மோட்டார் ரூம்ல போட்டுக்கிட்டாவ. அங்கன இருமுத சத்தம் கேட்டா இங்கன நான் எந்திரிச்சு உக்காந்துருவேன்.

சண்டை போட்டுத் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரே எடுத்தாவ, சளியைச் சோதிச்சாவ. டிபி இல்லன்னு வந்துது. அங்கனயே அழுதுட்டேன். ஆனா மனசு சும்மா இருக்கா? அப்போ புத்துநோயா இருக்குமோன்னு அடுத்ததைப் பிடிச்சுக்கிட்டு.

ரத்தச் சோதனையைப் பாத்துக்கிட்டு இருந்த டாக்டரம்மா இந்துமதி, "கால்ல என்ன சொறிஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"ன்னு கேட்டாவ. விரலிடுக்கெல்லாம் தடிப்பு. "தோட்டத்துல செருப்பு போடமாட்டீங்களா?"

அவிய காலைப் பின்னால இழுத்துக்கிட்டாவ. நான்தான் சொன்னேன்: "தோட்டத்துல என்னைக்கும் போட்டதில்ல, இப்போ எங்கயுமே போடுறதில்லம்மா. இருமல் நிக்கிற வரைக்கும் செருப்பு போடமாட்டேன்னு திருச்செந்தூர் முருகனுக்கு நேந்திருக்காவ."

டாக்டரம்மா தலையில கை வச்சுக்கிட்டாவ. மலத்தைச் சோதிக்கச் சொன்னாவ. ஒரு தடவையில அகப்படல, திரும்பத் திரும்பப் பாத்துத்தான் புழுன்னு கண்டுபிடிச்சாவ. ஈரமண்ணுல கெடக்குமாம். வெறுங்கால் வழியா ஏறி, நுரையீரலுக்குப் போயி, இருமும்போது தொண்டைக்கு வந்து, எச்சிலோட வயித்துக்குள்ள இறங்குமாம். அட பாவி, நெஞ்சுக்கும் வயித்துக்கும் ஒரே களவாணி!

"மாத்திரையில சரியாயிரும். ஆனா வெறுங்காலோட நடந்தா மறுபடியும் ஏறும்"னு சொன்னாவ.

வெளிய வந்ததும் ஒரு சோடி செருப்பு வாங்கிக் காலடியில வச்சேன். அவிய நகத்திட்டாவ.

"ஏளா, இருமல் இன்னும் நிக்கலயே."

எனக்குச் சுள்ளுனு ஏறிட்டு. "செருப்பு போட்டாத்தான் இருமல் நிக்கும். இருமல் நின்னாத்தான் செருப்பு போடுவீயளாக்கும்? இது எந்த ஊரு நியாயம்?"

அவிய குனிஞ்சு செருப்பை எடுத்து என் கையில குடுத்தாவ. "நான் வாக்கு தவறி, சாமி கோவிச்சு, பேத்திக்கு ஒண்ணு ஆயிட்டா?"

அந்தக் கேள்விக்கு எந்த ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு? என் கோவமெல்லாம் இறங்கிட்டு. கொண்டையை அவுத்துவிட்டேன். நரைச்சாலும் இடுப்புக்குக் கீழ தொங்கும். அவியளுக்கு அதுல அப்படியொரு பெருமை.

"உங்க கடனுக்குப் பதிலா இதைக் குடுத்துடுதேன். முருகன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க செருப்பைப் போடுங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை திருச்செந்தூர்ல முடி இறக்கிட்டு, தலையில சந்தனத்தோட வெளிய வந்தேன். அவிய வாசல்ல நின்னாவ. இன்னும் இருமிக்கிட்டுத்தான் இருந்தாவ. இடுப்புல பேத்தி, கால்ல செருப்பு.